தண்ணி ஏன் போகுதில்லை? ஒரு குளியலறை ஓட்டையின் வரலாறு

பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் தண்ணீரைக் கொண்டுவந்த ஆக்களுக்குத் தாராளமாக இடம் இருக்கும். பராக்கிரமபாகு குளம் கட்டினார், ரோமர்கள் கல் வளைவுகளுக்கு மேலால் மைல் கணக்கில் தண்ணீரை நடத்திக் கூட்டிவந்தார்கள். ஒரு துளி மழையும் வீணாய்க் கடலுக்குப் போகக்கூடாது என்பதைப் பரீட்சைக்குப் பாடமாக்கி எழுதியும் இருக்கிறம். ஆனால் வந்த தண்ணி குளிச்சு முடிய எங்க போனது, எப்படிப் போனது, போகாமல் நிண்டால் ஆர் கையை விட்டது என்று எந்த வினாத்தாளும் எங்களிட்டைக் கேட்டதில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பக்கத்தைப் பற்றியது. ஷவரைத் திறந்து ரெண்டு நிமிசத்தில் கணுக்கால் மட்டும் சவர்க்காரத் தண்ணி ஏறி நிக்கிற அந்தச் சின்ன ஓட்டையைப் பற்றியது.

சின்ன ஓட்டை என்றாலும் அதுக்கு வயது நாலாயிரத்துக்கு மேல்.

மொகஞ்சதாரோவை 1920களில் தோண்டியபோது கண்டெடுத்தவற்றில் எல்லாரும் பேசுவது பெரிய குளியல் தடாகத்தைப் பற்றி. எங்களுக்கு அதைவிடச் சுவாரசியம் அங்கத்தைய சாதாரண வீடுகளில் இருந்த குளிக்கிற அறைகள். சுட்ட செங்கல்லை நெருக்கி அடுக்கித் தளம் போட்டிருக்கிறார்கள், இடுக்கால தண்ணி இறங்காத மாதிரி. தளம் ஒரு மூலையை நோக்கிச் சரிவாக இருக்கும். அந்த மூலையில் இருந்து சுவருக்குள்ளால ஒரு வாய்க்கால் வெளியில் போய்த் தெருவில் ஓடுகிற மூடிய வடிகாலோடு சேரும். இண்டைக்கு ஒரு மேசன் பாத்ரூமுக்குத் தளம் போடேக்க செய்கிற அதே வேலைதான்: சரிவு, மூலை, ஓட்டை. சரிவு பிழைச்சால் பிறகு எந்தக் கம்பியும் எந்த மருந்தும் உதவாது என்பது அவர்களுக்கும் தெரிஞ்சிருக்க வேணும்.

இன்னும் ஒரு விசயம் இருக்கிறது. தெரு வடிகால்களில் இடைக்கிடை குழிகள் வைத்திருந்தார்கள், மண்டி அடியில் தங்குவதற்கும் அதை அள்ளி எடுப்பதற்கும். அங்கே அகழ்வு செய்த ஏர்னஸ்ட் மக்கே ஒன்றைக் கவனித்து எழுதியிருக்கிறார். வடிகால்களின் ஓரத்தில் சின்னச் சின்னக் குவியல்கள் கிடந்தன, பெரும்பாலும் மணல். ஆரோ வடிகாலைத் துப்புரவாக்கி, அள்ளின மண்டியைப் பக்கத்தில் போட்டுவிட்டு, அதை ஏத்திக்கொண்டு போகாமல் விட்டிருக்கிறார்கள். சிந்துவெளி எழுத்தை இன்னும் ஒருத்தரும் வாசிச்சு முடிக்கவில்லை. அரசன் இருந்தானா என்பதே விவாதம். ஆனால் வடிகால் அடைச்சது என்பதும் அதை ஒரு மனிசன் கையால் எடுத்தான் என்பதும் மணல் குவியலாக அப்படியே கிடக்கிறது.

அந்த மனிசன் ஆர்? சிந்துவெளியில் தெரியாது. ரோமில் தெரியும். பேரரசன் திராயானுக்கு ஆளுநராக இருந்த இளைய பிளினி ஒரு கடிதம் எழுதினார், கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். தண்டனை பெற்ற சில ஆக்கள் ஊர்களில் பொதுப் பணியாளர் போல வேலை செய்து சம்பளமும் வாங்குகிறார்கள், இவர்களை என்ன செய்வது என்பது கேள்வி. திராயான் அனுப்பிய பதிலில், தண்டனை விதித்துப் பத்து வருசத்துக்கு மேல் ஆன வயசாளிகளைத் தண்டனைக்குக் கிட்டடியான வேலைகளில் போடச் சொல்கிறார். அந்தப் பட்டியலில் பொதுக் குளிப்பிடமும் சாக்கடை துப்புரவும் அடுத்தடுத்து வருகின்றன. குளிக்கிறது நாகரிகத்தின் அடையாளம், குளிச்ச தண்ணியின் வழியைத் துப்புரவாக்குவது தண்டனை. இந்தப் பிரிவினை எங்களுக்குப் புதிசில்லை. பிறகு வருவம்.

எங்கட நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் அநுராதபுரத்து இரட்டைக் குளம், குட்டம் பொக்குண. அபயகிரி விகாரைத் துறவிகள் குளிப்பதற்காகக் கட்டியது. படம் எடுக்கிற ஆக்கள் படிக்கட்டையும் நாகக் கல்லையும் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்தில் சின்னத் தொட்டிகள் இருக்கும், பாருங்கள். குளத்துக்குள் விழுமுன் தண்ணி அதில் நிண்டு மண்ணைக் கீழே விட்டுவிட்டுப் போகும். அதாவது அடைப்பை வந்த பிறகு எடுப்பதைவிட வருமுன் பிடிக்கிற யோசனை. இண்டைக்கு நாங்கள் ஓட்டைக்கு மேல் வைக்கிற கம்பிவலைக்கும் அதே மூளைதான்.

ஷவர் என்கிற சாமானுக்கு வருவம். 1767இல் லண்டனில் வில்லியம் ஃபீதம் என்பவர் ஒரு ஷவருக்குக் காப்புரிமை எடுத்தார். கைப்பம்பால் தண்ணியை மேலே உள்ள தொட்டிக்கு ஏத்தி, சங்கிலியை இழுத்தால் தலையில் கொட்டும். கொட்டின தண்ணி காலடியில் உள்ள தொட்டியில் சேரும். திரும்ப அதையே மேலே ஏத்தலாம்! அழுக்குத் தண்ணி வெளியே போக வழி இல்லாததால் அதுக்கு அடைப்பும் இல்லை. இதை வாசிச்சபோது நாங்கள் சிரிச்சம், ஆனால் யோசிச்சால் அது நியாயமான கண்டுபிடிப்பு. தண்ணியை வெளியேற்ற ஒரு வலையமைப்பு ஊரில் இல்லாதபோது வீட்டுக்குள் ஷவரை வைத்து என்ன செய்வது?

பலருக்கு ஒரேயடியாக ஷவர் என்ற எண்ணம் சிறையில் இருந்து வந்தது. பிரான்சின் ரூவான் நகரச் சிறையில் வைத்தியராக இருந்த மெரி டெலபோஸ்ட் 1870களில் கைதிகளுக்கு இதை ஏற்பாடு செய்தார். தொட்டியில் ஒவ்வொருவராக இறக்குவதைவிட வரிசையில் நிறுத்தி மேலால் ஊத்தினால் தண்ணியும் நேரமும் மிச்சம். பிறகு இராணுவ முகாம், தொழிற்சாலை, பள்ளிக்கூடம், விடுதி. பல்கலைக்கழக விடுதியில் காலமை ஆறரைக்கு வரிசையில் நிக்கிறவைக்கு அந்தச் சிறைக் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஓட்டைக்குக் கீழே வளைஞ்சிருக்கிற பைப்பின் கதைதான் எங்களுக்கு இதில் மிகவும் பிடிச்சது.

1775இல் அலெக்சாண்டர் கமிங் என்ற மணிக்கூடு செய்கிற ஸ்கொட்லாந்துக்காரர் ஒரு கழிப்பறைக்குக் காப்புரிமை எடுத்தார். அதில் பைப்பை எஸ் எழுத்து மாதிரி வளைத்திருந்தார். அவ்வளவுதான். ஆனால் அந்த வளைவில் எப்பவும் கொஞ்சத் தண்ணி தேங்கி நிக்கும். அந்தத் தண்ணி ஒரு கதவு. மேலால் வருகிற தண்ணிக்குத் திறக்கும், கீழால் வருகிற மணத்துக்குப் பூட்டும். அசைகிற பாகம் ஒண்டும் இல்லை, கறள் பிடிக்க ஒண்டும் இல்லை. இதை ஆங்கிலத்தில் ட்ராப் என்பார்கள், எங்கட பைப் வேலை செய்கிற ஆக்களும் ட்ராப் என்றுதான் சொல்லுகினம். இண்டைக்கு உங்கட குளியலறைத் தளத்துக்குக் கீழேயும் ஏதோ ஒரு வடிவில் அது இருக்கும், அல்லது இருக்க வேணும். அதில் தேங்கி நிற்கிற தண்ணியின் ஆழம் வழமையாக 5 சென்ரிமீற்றர் அளவுதான்.

அந்தக் காலத்து ஐரோப்பியர் நோய் கெட்ட காற்றால் வருகுது என்று நம்பினார்கள். நாத்தம்தான் நோய். 1842இல் தொழிலாளரின் சுகாதார நிலை பற்றிப் பெயர்பெற்ற அறிக்கையை எழுதிய எட்வின் சட்விக்கின் நம்பிக்கையும் அதுதான். 1858 கோடையில் தேம்ஸ் ஆறு நாறின நாத்தத்தில் நாடாளுமன்றமே இருக்கமுடியாமல் போய், கடைசியில் ஜோசப் பசல்ஜெற்றிடம் லண்டனுக்கான பெரும் சாக்கடை வலையமைப்பைக் கட்டச் சொல்லிக் காசு ஒதுக்கினார்கள். கொலராவுக்குக் காரணம் காற்று இல்லை, தண்ணி என்று ஜோன் ஸ்னோ அதுக்கு முதலே சொல்லியிருந்தார், பெரிசாக ஒருத்தரும் கேட்கவில்லை. ஆக, பிழையான கொள்கையை நம்பின ஆக்கள் நாத்தத்தைத் துரத்தப் போய்ச் சரியான சாமானைக் கட்டிவிட்டார்கள். விஞ்ஞானத்தின் வரலாறு நேர்கோடு என்று சொல்லுகிறவைக்கு இந்த எஸ் வளைவைக் காட்டலாம்.

கெட்ட காற்றுக் கொள்கையை 20ஆம் நூற்றாண்டு முழுசாகக் கைவிட்டது. பிறகு 2003 வந்தது. ஹொங்கொங்கில் அமோய் கார்டன்ஸ் என்கிற அடுக்குமாடித் தொகுதியில் சார்ஸ் நோய் பரவியது. 300க்கும் அதிகமானவர்களுக்குத் தொற்றியது, 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் சந்திக்காத, வேற வேற மாடிகளில் இருந்த ஆக்களுக்கு எப்படிப் பரவியது? விசாரிச்சவர்களின் பார்வை குளியலறைத் தளத்து ஓட்டையில் போய் நிண்டது. அங்கே கனபேர் தளத்தைத் தண்ணி ஊத்திக் கழுவாமல் ஈரத்துணியால் துடைச்சிருக்கிறார்கள். தள ஓட்டைக்குத் தண்ணியே போகவில்லை. ட்ராப்பில் நிண்ட தண்ணி காய்ஞ்சு போனது. கதவு திறந்தாயிற்று. நோயாளி ஒருவரின் கழிவு போன பொதுக் குழாயில் இருந்து கிருமி கலந்த நுண்துளிகளைக் குளியலறைக் காற்றாடிகள் அந்தக் காய்ந்த ஓட்டைகள் வழியாக வீட்டுக்குள் இழுத்தன என்பதே விளக்கம். ஐந்து சென்ரிமீற்றர் தண்ணி இல்லாததால் இவ்வளவும்.

அதால ஒரு சின்ன வேலை: மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிற அறை, பாவிக்காத இரண்டாவது பாத்ரூம், வெளிநாட்டில் இருக்கிற ஆக்களின் வீடு. திறந்தவுடன் நாத்தம் அடிச்சால் முதலில் மருந்து தேடாமல் ஓட்டைக்குள் ஒரு வாளி தண்ணி ஊத்துங்கள். பாதி நேரம் பிரச்சினை அதுதான்.

இனி எங்கட பக்கம். யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கையாறும் மழைக்குத்தான் ஓடும். நிலம் சுண்ணக்கல். மழை அதுக்குள் இறங்கித் தங்கும், அதைக் கிணறு வெட்டி எடுத்துக் குடிச்சம், குளிச்சம், புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் இறைச்சம். குளிப்பு என்றால் கிணத்தடி. துலாவாலோ கப்பியாலோ வாளியால் அள்ளித் தலையில் ஊத்தினால் தண்ணி சீமெந்துத் தளத்தால் ஓடி வாய்க்காலால் வாழைக்குப் போகும். தலை முழுகின முடியும் அரப்பும் அந்த வாழையடியில் உக்கிப்போகும். கிணத்தடிக் குளிப்பில் ‘அடைப்பு’ என்ற சொல்லுக்கே பெரிசாக வேலை இருக்கவில்லை, வாய்க்காலில் இலை தட்டுப்பட்டால் காலால் தள்ளிவிட்டால் சரி. கீரிமலைக் கேணியில் அதுவும் தேவையில்லை, ஊற்று ஒரு பக்கம், கடல் மற்றப் பக்கம்.

கிணத்தடியை நாங்கள் பொற்காலமாக்க விரும்பவில்லை. ஆர் எந்தக் கிணத்தில் அள்ளலாம் என்பதில் இருந்த சாதிக் கொடுமை ஒரு பக்கம். திறந்த வெளியில், ஊர் பார்க்க, உடுப்போடு தோய வேண்டியிருந்த பெண்களின் கரைச்சல் இன்னொரு பக்கம். தண்ணிப் பம்பும் மேல்தாங்கியும் வந்தபோது பூட்டுப் போட்ட கதவு ஒன்றுக்குள் குளிக்கிற வசதி வந்தது. அது பெரிய விசயம். அம்மம்மாவைக் கேட்டால் ஷவரைவிட அந்தக் கதவின் கொண்டியைப் பற்றித்தான் கனக்கச் சொல்லுவா.

ஆனால் குளிப்பு உள்ளே வந்தபோது முடியும் உள்ளே வந்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 தொடக்கம் 100 முடி வரை கொட்டுவது சாதாரணம். நாலு பேர் இருக்கிற வீட்டில், கொட்டுகிறதில் கால்வாசிதான் குளியலறையில் விழுகுது என்று வைத்தாலும் மாதத்துக்கு 1500 தொடக்கம் 3000 முடி. இதில் ஒரு அநியாயம் நடக்கும். தண்ணி நிண்டவுடன் வீட்டில் முதல் வருகிற வசனம், ‘பொம்பிளைப் பிள்ளையளின்ரை தலைமயிர்தான்.’ நீளமான முடி கம்பி மாதிரி வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் தனி முடி பைப்பை அடைக்காது. அதைப் பிடிச்சு ஒட்டி வைக்கிற பசை வேண்டும். அந்தப் பசை எங்கட நிலத்திலேயே இருக்கு.

சுண்ணக்கல்லுக்குள் கிடக்கிற தண்ணியில் கல்சியம் கூட. எங்கட தண்ணியில் சவர்க்காரம் லேசில் நுரைக்காது, கேத்தலுக்கு அடியில் வெள்ளையாய்ப் படியும், எல்லாம் அதுதான் காரணம். சாதாரணதர விஞ்ஞானத்தில் வன்னீர் என்று படிச்சிருப்பம். சவர்க்காரம் கல்சியத்தோடு சேர்ந்தால் தண்ணியில் கரையாத ஒரு மெழுகு மாதிரி உருவாகும். அது பைப் சுவரில் பூசுப்படும், எண்ணெய் வைத்த தலையின் எண்ணெய் அதில் சேரும், முடி அதில் சிக்கும், சிக்கின முடியில் இன்னும் மெழுகு ஒட்டும். கடைசியில் இழுத்து எடுத்தால் எலிவால் மாதிரி சாம்பல் நிறத்தில் வரும் அந்தச் சாமானில் முடியைவிடச் சவர்க்காரக் களி கூட. ஆக, நீளமுடிக்காரர் மேல் போட்ட வழக்கில் சுண்ணக்கல்லும், ஒரு நாளைக்கு மூண்டு தரம் முகம் கழுவுகிற அண்ணாவின் சவர்க்காரக் கட்டியும் உடந்தை.

சீயாக்காயும் அரப்பும் அழுக்கை எடுப்பது சப்போனின் என்கிற சாமானால். அது கல்சியத்தோடு இப்படி மெழுகாவதில்லை. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது சனம் பனம்பழத்தால் உடுப்புத் தோய்ச்சது. பனங்களியிலும் சப்போனின் இருக்கு. உடுப்பில் மணத்துக்கு மாடு துரத்தினது என்று பெரிய ஆக்கள் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவினம். அந்த வருசங்களில் மின்சாரம் இல்லை, மோட்டர் ஓடவில்லை, வாளியும் கப்பியும் திரும்பி வந்தன. குளியலறை ஓட்டைகளுக்கு அது விடுமுறைக் காலம்.

ஓட்டைக்குள் போன தண்ணி பிறகு எங்க போகுது? லண்டனில் பசல்ஜெற்றின் செங்கல் சுரங்கத்துக்குப் போகும். கொழும்பின் பழைய பகுதிகளுக்கும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் குழாய் போட்டார்கள். யாழ்ப்பாண நகரத்துக்கு அப்படி ஒரு பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு குழி. குழியில் இருந்து சுண்ணக்கல்லுக்குள், அங்கிருந்து நிலத்தடி நீருக்குள், அதே வளவில் உள்ள கிணத்துக்குள். யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று பாதுகாப்பான அளவைவிடக் கூட என்று தொடர்ந்து ஆய்வுகள் சொல்லுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டத்து உரமும் மலக்குழியும் இரண்டு பெரிய காரணங்கள். எங்கட ஷவர் தண்ணியின் பங்கு அதில் சின்னது. ஆனால் அடைப்பை எடுக்க ஓட்டைக்குள் எதை ஊத்துகிறம் என்று முடிவெடுக்கேக்க, அது கடைசியில் எங்கட வாளிக்குத்தான் திரும்பி வரும் என்பதை மறக்கேலாது.

ஊத்துகிற மருந்தின் கதை 1923இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தொடங்குது. டிராக்கெட் நிறுவனம் டிரேனோ என்ற பெயரில் ஒரு தூளை விற்றது. உள்ளே சோடியம் ஐதரொட்சைட்டு, அதாவது கோஸ்ரிக் சோடா, அதோடு அலுமினியத் துணுக்குகள். தண்ணி பட்டவுடன் அலுமினியம் தாக்கம் புரிந்து சூடும் ஐதரசன் வாயுவும் வரும். சூட்டில் கொழுப்பு சவர்க்காரமாகிக் கரையும், முடியின் புரதம் மெல்ல மெல்லச் சிதையும். வேலை செய்யும்தான். ஆனால் முற்றாக அடைச்ச பைப்பில் போட்டால் அது அடைப்புக்கு மேலேயே நிண்டு கொதிக்கும். பிறகு வேற வழியில்லாமல் அடியில் ட்ராப்பைக் கழட்டுகிறவரின் முகத்தில் அது தெறிக்கும். இதோடு, ஓட்டைக்குள் ஏற்கெனவே வெளிற்றும் திரவம் ஊத்தியிருந்தால் அதுக்கு மேல் தளம் கழுவுகிற அசிட்டை ஒருபோதும் ஊத்தக்கூடாது. குளோரின் வாயு வரும். முதலாம் உலகப்போரில் 1915இல் படையினரைக் கொன்ற அதே வாயு, பூட்டின குளியலறைக்குள்.

மற்ற வழி இயந்திரம். அயோவா மாநிலத்தில் சாமுவேல் பிளாங்க் என்பவர் மகன் வீட்டு அடைப்பை எடுக்கப் போய், சலவை இயந்திரத்தின் மோட்டரையும் உருட்டுச் சப்பாத்தின் சில்லுகளையும் கம்பிவடத்தையும் சேர்த்துச் சுழல்கிற ஒரு கம்பியைச் செய்தார். 1930களின் பொருளாதார மந்தத்தில் அது பலருக்குப் பிழைப்பானது. றப்பர்க் கிண்ணம் போட்ட தடி அதைவிடப் பழசு, 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

ஆனால் இந்தக் கருவிகள் எல்லாம் வந்த பிறகும் உலகின் எங்கட பாகத்தில் கருவியின் இடத்தில் ஒரு மனிசரை வைத்தார்கள். 1865இல் கொழும்பிலும் கண்டியிலும் மாநகரசபைகள் உருவாகின. நகரங்கள் வளர வளர, வாளிக் கக்கூசையும் வடிகாலையும் துப்புரவாக்கத் தமிழ்நாட்டில் இருந்து அருந்ததியர் உட்பட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்து ஆக்களை உள்ளூராட்சி நிர்வாகங்கள் கொண்டுவந்தன. யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். வந்தவர்களுக்கு நகரத்தின் ஓரத்தில் வரிசை வீடுகள், பிள்ளைகளுக்கும் அதே வேலை. இங்கிருந்த சாதி அமைப்பு அவர்களைத் தனக்கும் கீழே ஒரு தட்டில் வைத்துக்கொண்டது. திராயான் தண்டனை என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னதை எங்கட ஆக்கள் பிறப்பு என்று சொன்னார்கள். இந்தியாவில் மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 1993இலும் பிறகு 2013இலும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இன்னும் சாக்கடைக்குள் இறங்கினவர்கள் செத்த செய்தி வந்துகொண்டுதான் இருக்கு.

இதை எழுதேக்க எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. விடுதிக் குளியலறையில் தண்ணி நிண்டால் நாங்கள் என்ன செய்யிறம்? குழுவில் ஒரு படம் போடுகிறம், ‘சீக்’ என்று ஒரு குறி போடுகிறம், துப்புரவு அக்கா வரும்வரை பக்கத்து அறையைப் பாவிக்கிறம். அது அவவின்ரை தொழில்தானே, சம்பளம் வாங்குறா என்று ஒரு தோழர் சொன்னார். தளம் கூட்டுவது அவவின் தொழில். எங்கட தலையில் இருந்து விழுந்த முடியை, இருபத்திரண்டு வயசான எங்களால் தொட ஏலாது என்று விட்டுவிட்டு, ஐம்பது வயசான ஒருத்தரை வெறுங்கையால் எடுக்க விடுவது தொழில் பிரிவினை இல்லை என்பது மற்றவையின் வாதம். வீட்டில் அந்தக் கை அநேகமாக அம்மாவின் கை. ஆம்பிளைப் பிள்ளையள் மோட்டர் பழுதானால் ஓடிவருவினம், ஓட்டைக்குக் கிட்ட வரமாட்டினம்.

சரி, எடுக்கிறது எப்படி?

முதலில் எங்க அடைப்பு என்று பாருங்கள். குளியலறை ஓட்டை மட்டும் மெதுவாகப் போகுது, கைகழுவுகிற பேசினும் குசினியும் சரி என்றால் அது அநேகமாக முடி, கைக்கெட்டின தூரத்தில்தான் இருக்கும். எல்லா இடமும் ஒண்டாய் நிண்டால், அதுவும் கார்த்திகை மார்கழி மழைக்குப் பிறகு என்றால், ஓட்டையோடு மினக்கெட வேண்டாம். குழி நிறைஞ்சிட்டுது.

முடி என்றால் மேல் தட்டைக் கழட்டுங்கள். ஆணி இல்லாட்டி பழைய கத்தியால் நெம்பினால் வரும். றப்பர் கையுறை போடுங்கள், இல்லாட்டி சொப்பிங் பை ஒண்டைக் கையில் மாட்டுங்கள். கட்டுக்கம்பியின் நுனியைச் சின்னக் கொக்கியாக வளைச்சு உள்ளே விட்டு, தள்ளாமல், திருப்பித் திருப்பி வெளியே இழுக்க வேணும். கனபேர் தடியால் குத்துவினம். அது அடைப்பை ட்ராப்பின் வளைவுக்கு அங்கால தள்ளி இறுக்கிவிடும், பிறகு தளத்தை உடைக்க வேண்டி வரும். சில ட்ராப்புகளில் உள்ளே ஒரு கிண்ணம் கவிழ்ந்த மாதிரி இருக்கும். அதைத் தூக்கி எடுத்துக் கழுவித் திரும்ப வைக்க வேணும். வைக்காமல் விட்டால் தண்ணி நல்லாய்ப் போகும், ஆனால் அமோய் கார்டன்ஸ் கதைதான், கதவு இல்லை.

அதுக்குப் பிறகும் மெதுவாகப் போனால் ஓட்டை மூடுகிற அளவு தண்ணி விட்டு, றப்பர்க் கிண்ணத்தை வைத்துப் பத்துப் பதினைஞ்சு தரம் அமத்தி இழுங்கள். தண்ணி இல்லாமல் அமத்தினால் காற்றுத்தான் போய்வரும். கடைசியாகச் சுடுதண்ணி, மெழுகு இளகும். ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊத்தாதேங்கோ, பி.வி.சி பைப் அந்தச் சூட்டில் இளகும், பொருத்தும் கழரும். கை பொறுக்காத சூடு போதும். எடுத்த முடியைக் கக்கூசுக்குள் போட்டுத் தண்ணி அடிக்கக்கூடாது, அடைப்பு அங்க இடம் மாறும். கடதாசியில் சுத்திக் குப்பைக்குப் போடுங்கள். ஓட்டைக்கு மேல் ஒரு கம்பிவலை வைத்தால், குளிச்சு முடிய அவரவர் தன் முடியைத் தானே எடுத்துப் போடலாம். அரை நிமிச வேலை.

குழி நிறைஞ்சிருந்தால் கதை வேற. உள்ளூராட்சி சபைக்குச் சொல்லிப் பவுசரைக் கூப்பிட வேணும். குழாயை உள்ளே விட்டு உறிஞ்சுவதுதான் அதின் வேலை. காசு மிச்சம் என்று ஆரையாவது பிடிச்சு மூடியைத் திறந்து உள்ளே இறக்குகிற வழக்கம் இன்னும் இருக்கு. மூடின குழிக்குள் ஐதரசன் சல்பைட்டு சேரும். கொஞ்சம் என்றால் கூழ்முட்டை மணம் அடிக்கும், செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் மணமே தெரியாது. மணம் இல்லை என்று இறங்குகிற ஆளும், விழுந்தவரைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும் சேர்ந்து போவது இப்படித்தான். உங்கட வளவில் ஒருத்தர் மூடியைத் திறந்து கால் வைக்க வெளிக்கிட்டால் மறிச்சு, பவுசர் வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். அதுவரை இரண்டு நாள் கிணத்தடியில் குளிக்கலாம்.